ஈரலுக்கு நாக்கு முளைத்த கதை

எனக்குப் பொறுமை கிடையாது. தேநீர் ஆறும்வரை இருக்க முடியாமல் வாயைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் ஆராய்ச்சி செய்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊர் கற்பிட்டியில் எல்லாருக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். நாக்கில் கசப்பை உணரும் புரதம் நுரையீரலிலும் இருப்பதை எங்கோ கண்டுபிடித்திருந்தார்கள். அப்படியானால் ஈரலில் ஏன் இருக்கக்கூடாது? எனக்கு நித்திரை போய்விட்டது. நல்ல முடிவு காட்டினால் தற்காலிக விரிவுரையாளர் வேலை தருவதாகப் பேராசிரியர் வேறு சொல்லியிருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, குர்பானுக்கு அறுத்த எங்கள் ஆட்டின் நாக்கை ஒரு பையிலும் ஈரலை இன்னொரு பையிலும் கட்டித் தரும்படி உம்மாவிடம் சொன்னேன். பஸ் போய்விடுமே என்று வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். தந்த பைகளை ஐஸ் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். (திறந்து பார்ப்பதா? அதற்கெல்லாம் எங்கே நேரம்?)

ஆய்வுகூடத்தில், கொஞ்சம் பெரிதாக இருந்ததை 'ஈரல்' பை என்று எடுத்து, உறைந்து கிடந்ததை அப்படியே அரைத்தேன். புரதம் இருந்தது. தாராளமாகவே இருந்தது. இன்னொரு ஆட்டில் செய்து பார் என்றார் பேராசிரியர். எதற்கு என்று கேட்டேன். உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டு, "வாப்பா, ஈரலுக்கும் ருசி தெரியும்" என்றேன். வாப்பா அதைப் பள்ளிவாசல் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆய்வைச் சமர்ப்பித்த அன்று வாப்பாவும் உம்மாவும் வேன் பிடித்து வந்து முன்வரிசையில் இருந்தார்கள். முடிந்ததும் பேராசிரியர் உம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார்.

"நாக்கும் ஈரலும் நீங்கதான் கட்டிக் குடுத்தீங்களாம்?"

"ஓம் சேர். ஒரு பை உங்களுக்கு, மத்தது கூட்டாளிக்காக்கும்ண்டு நினைச்சேன். குர்பான் பங்குல ஒராளுக்கு நாக்கு மட்டும், மத்தாளுக்கு ஈரல் மட்டும் குடுக்க ஏலுமா? சின்னச் சின்னதா வெட்டி, ரெண்டு பையிலயும் ரெண்டையும் கலந்து போட்டேன்." பிறகு ஆசையாகக் கேட்டார்: "ருசியா இருந்திச்சா சேர்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. வேலை வேறொருவருக்குப் போனது. அதற்காகப் பல நாள் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மதுரங்குளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீட்டில் ஈரல் கறி கொதிக்கும்போது, பொறுக்க முடியாமல் கரண்டியோடு போய் நிற்பேன். மனைவி சட்டியை மூடிவிடுவாள்.

"நீங்க போய் இரிங்க. உப்புப் போதுமாண்டு நான் ஈரல்ட்டயே கேட்டுக்கிறேன்."