லாரியை முந்திய மைனர்

பந்தய மைனர் என்று ஓர் இனம் உண்டு. ஜமீன் ஒழிந்து இருபது வருஷமாகியும் இது ஒழியவில்லை. எங்கள் ரஞ்சன்குடிப் பக்கத்து ராசாங்கம் மைனரைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். வாலிபத்தில் ஒரே ஒருமுறை சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஓட்டினாராம். எத்தனாவதாக வந்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்று காற்று எந்தத் திசையில் வீசிற்று என்று ஆரம்பிப்பார்.

மைனர் சும்மா வண்டியேற மாட்டார். கையுறை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கழுத்தில் பட்டுத்துணி சுற்றி, எதிரே ஒருவன் நின்று துண்டை வீச, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினால்தான் அந்தப் பழைய சீமைக் கார் கிளம்பும். பந்தயத்தின் முதல் அரை பர்லாங்கு எப்போதும் ஊரார் கால்களில்தான்.

அவருடைய பருத்திக் காட்டில் கூலிவேலை செய்யும் அரியமுத்துவுக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலைக்கு நேர்முகத் தேர்வு. வயது வரம்பு அந்த மாதத்தோடு முடிகிறது; இதை விட்டால் அடுத்தது கிடையாது. பெரம்பலூர் போய், அங்கே இடதுபுறம் திரும்பி, அரியலூரில் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். பஸ்ஸுக்கு நின்றவனை மைனர்தான் வலியக் கூப்பிட்டு ஏற்றினார்.

"பஸ்ஸா? அது கட்டவண்டி கணக்கா போவும். ஏறுடா, ரயிலுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துறேன்."

நிறுத்தியிருப்பார், பெரம்பலூருக்கு முன்னால் ஒரு வெங்காய லாரி அவரை முந்தாமல் இருந்திருந்தால். ஜமீன் ரத்தம் பொறுக்குமா? மிதித்தார். பெரம்பலூர் வந்தது, திரும்ப வேண்டிய ரோடும் வந்தது, லாரியோ நேரே திருச்சிப் பக்கம் போயிற்று.

"அரியலூர் ரோடு அந்தாண்ட போயிடுச்சுங்களே, ஐயா."

"லாரி இந்தாண்டல்ல போவுது?"

பாடாலூரில் முந்தினார். லாரிக்காரர் டீ குடிக்க நிறுத்தியிருந்தார். பந்தயம் ஒன்று நடந்ததே அந்த மனிதருக்குத் தெரியாது. மைனர் கையுறையைக் கழற்றி அரியமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்நேரம் அரியலூரில் ரயில் போய்விட்டிருந்தது.

வேலையும் போயிற்று. மைனர் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் அந்த வெற்றியைச் சொல்கிறார்; சாட்சிக்குப் பருத்திக் காட்டிலிருந்து அரியமுத்துவைக் கூப்பிடுகிறார். அவன் "ஆமாங்க" என்கிறான். அவர் கூலியில் சாப்பிடுகிறவன் வேறென்ன சொல்வான்?

சிரிக்கிறீர்களா? உங்களிடம் இருப்பது சைக்கிள்தான், எனக்குத் தெரியும். எவனோ மணியடித்து முந்திப் போனால், திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே மிதிக்கிறவர்தானே நீங்களும்? மிதியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கேரியரில் யாரை உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.