சம்பந்தி வீட்டுக் கொலம்பைன்

மரியதாஸ் பூந்தொட்டியில் ஐஸ் வைத்ததும் முதலில் வந்தது பூனைதான்.

"மீன் ஏலத்துல வாங்கின ஐஸுக்குப் பூனை வராம புறாவா வரும்?" என்றாள் மனைவி சவரியம்மாள்.

"ஊட்டிப் பூவுடி. குளிர் வேணும் அதுக்கு."

மரியதாஸ் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. வெயில் கொளுத்தினால்தான் அந்தத் தொழிலில் சந்தோஷம். அவரே இப்போது வெயிலை முறைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் சம்பந்தியம்மா பிலோமினாவால் வந்தது. மகள் சந்தியாவை ஊட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தன்று பிலோமினா ஒரு பொட்டலம் நீட்டி, "எங்க வாசல்ல பூக்கற கொலம்பைன் விதை. வால் வெச்ச ஊதாப் பூ. வளருங்க" என்றிருந்தார். சந்தியாவுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைக்கலாமா என்று போன் செய்தால், "எங்க பூவே உங்க ஊர்ல பொழைக்கலைன்னா, பேரன் எப்படிங்க பொழைப்பான்?" என்று கேட்டுவிட்டார்.

சவரியம்மாள் அன்று சாப்பிடவில்லை. பெற்ற ஒரே மகளுக்குத் தன் கையால் பத்தியம் சமைத்துப் போட முடியாதோ என்று அழுதாள்.

விதையை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து ஊன்றியாயிற்று. முளைக்கவில்லை. ஐஸ் வைத்ததில் பூனை மண்ணைக் கிளறியது. பூனையும் வராமல் வெயிலும் படாமல் இருக்க, மரியதாஸ் ஈரச் சாக்கு போட்டு மூடினார். அவர் வீட்டில் இருந்தது உப்புச் சாக்கு. நாலு நாள் கழித்துத் திறந்தால் மண் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

"பூத்துடுச்சுங்க" என்றாள் சவரியம்மாள். "உப்பு."

அந்த நேரம் பார்த்துப் பிலோமினாவின் போன். மரியதாஸுக்கு வாயில் சனி. "மொட்டு விட்டிருக்குதுங்க!" என்றார்.

"அப்படியா? ஞாயித்துக்கெழமை பார்க்க வர்றோம்."

"முளையே இல்ல, மொட்டு எங்கேர்ந்துங்க வந்துச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சவரியம்மாள்.

மரியதாஸ் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். பின்பக்கம் வால் நீட்டிய ஊதாப் பூவாகத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். முழுக்கப் பிளாஸ்டிக். இலையோடு சேர்த்துக் கம்பியால் குச்சியில் கட்டித் தொட்டியில் நட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினா கணவர் சூசைராஜுடன் வந்து இறங்கினார். சூசைராஜ் அதிகம் பேசாத மனுஷன். கல்யாணத்திலேயே "ஆமாம்" தவிர ஒன்றும் சொல்லாதவர்.

பிலோமினா நேரே தொட்டியிடம் போனார். மரியதாஸ் தடுக்க முன்னால் பாய்ந்தார்.

"தொட்டுடாதீங்க!" என்று கத்தியவர் பிலோமினா. "கை பட்டா வாடிடும்னு இவர் சொல்வாரு. எங்க வீட்லயே நான் கிட்டப் போறதில்ல. எல்லாம் இவர் கவனிப்புதான்."

"ஆமாம்" என்றார் சூசைராஜ்.

பிலோமினா எட்ட நின்றே வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அச்சு அசல் எங்க வீட்டுப் பூ! அடுத்த வாரமே சந்தியாவைக் கூட்டிட்டுப் போங்க."

சவரியம்மாள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கண்ணைத் துடைத்தபடி காபி போட உள்ளே போனார்கள்.

சூசைராஜ் மட்டும் நகரவில்லை. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியதாஸின் காதோரம் வந்தார்.

"கம்பிய உள்பக்கமா முறுக்குங்க சம்பந்தி. எங்க வீட்டுச் செடி செத்து மூணு வருஷமாச்சு, நான் அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். அவகிட்ட விதைன்னு மடிச்சுக் குடுத்ததுகூட வறுத்த கருஞ்சீரகம்தான்."