போடியாருக்குப் பிடித்த ஹோட்டல்

"அந்த ஹோட்டல்ல கக்கூசு எந்தப் பக்கம் பார்த்து இரிக்கி?"

மீராமுகைதீன் போடியார் இப்படிக் கேட்டதும் ஸலாஹுதீன் வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

சிங்கப்பூரின் ஆகப் பெரிய ஹோட்டல்கள் மூன்றின் படப் புத்தகங்களை அவன் மேசையில் விரித்து வைத்திருந்தான். நீச்சல் குளப் படங்களில் இருந்த வெள்ளைக்காரிகளின் மேல் அவனுடைய மனைவி ஸகியா கடதாசி ஒட்டி மறைத்திருந்தாள். கல்முனைக்குடியில் அந்தப் புத்தகங்களைப் பார்க்க வந்த ஆம்பிளைகளில், ஒட்டின கடதாசியை நகத்தால் கிளப்பிப் பார்க்காத முதல் ஆள் இந்தப் போடியார்தான். சம்மாந்துறையில் நூற்றைம்பது ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர், பெரும்போக வெள்ளாமை வெட்டின கையோடு வந்திருந்தார். அவர் பார்த்ததெல்லாம் சுவர்களையும் தரையையும்தான்.

"தெக்க பார்த்து இரிக்கி போடியார்" என்றான் ஸலாஹுதீன். அவன் கொழும்பைத் தாண்டி ஒரு அடி வைத்தவனில்லை.

"ஆரு சொன்ன?"

"படத்தில தெரியிதே."

போடியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்று புத்தகங்களையும் புரட்டினார். "படத்தில கக்கூசே இல்லயே தம்பி. நாம தொழுற கிப்லாத் திசையப் பார்த்த கக்கூசு நமக்குச் சரிவராது. எழுதிக் கேட்டு, பதில எடுத்து வைங்க."

"ஓம் போடியார். எப்ப பயணம் எண்டு சொன்னீங்க எண்டா..."

"முதல்ல இடம் சரியாகட்டும். அவசரப்பட்டா ஆகுமா?"

அவசரம் போடியாருக்கு இல்லை. ஸலாஹுதீனுக்குத்தான் இருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவன் மனைவி வீட்டுக்குக் குடிவந்த மாப்பிள்ளை. அந்த வீட்டின் முன்னறையில்தான், கொழும்புக் கம்பனி ஒன்று கொடுத்த போர்டைத் தொங்கவிட்டு, விமான டிக்கட் விற்க உட்கார்ந்திருந்தான். ஐந்து மாதமாக ஒரு டிக்கட் போகவில்லை. மாமனார் ஆதம்பாவாவுக்குக் கல்முனை பசாரில் இரும்புக் கடை. அவர் தவணை வைத்துவிட்டார்.

"நோன்புப் பிறை தெரியிறதுக்குள்ள ஒரு டிக்கட் வித்துக் காட்டுங்க மருமகன். இல்லாட்டி அந்தப் போர்டக் கழட்டிப் போட்டுட்டு கடைக்கு வந்து ஆணி நிறுங்க."

ஸலாஹுதீன் ஆணி நிறுப்பதை நினைத்துப் பார்த்தான். அரை றாத்தல் ரெண்டு இஞ்சி ஆணி, கால் றாத்தல் ஒரு இஞ்சி ஆணி என்று வாழ்நாள் முழுக்க நிறுத்தே மௌத்தாகிவிடுவோமோ என்று உண்மையாகவே பயந்தான். போடியாரை விட்டால் அவனுக்கு வேறு கதி கிடையாது.

பாண்டிருப்பில் இருந்த கனகரெத்தினம் மாஸ்டரிடம் சைக்கிளை விட்டான். பென்சன் எடுத்த இங்கிலீஷ் வாத்தியார். விசயத்தைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"தம்பி, கக்கூசுக்கு மரியாதையான இங்கிலீசுச் சொல்லு நாலு இரிக்கி. ஆனா அது எந்தப் பக்கம் பாக்குது எண்டு வெள்ளக்காரன் ஒருநாளும் யோசிச்சதில்ல. அதுக்கு நான்தான் புதுசா வசனம் கட்டணும்."

கட்டினார். மூன்று ஹோட்டலுக்கும் கடிதம் போனது. மூன்று கிழமை கழித்து, 'றோயல் ஹிபிஸ்கஸ்' என்ற ஒன்றே ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. மாஸ்டர் வாசித்துச் சொன்னார்.

"ஐயா, எங்கட கட்டிடத்தில நானூத்திப் பன்ரெண்டு கக்கூசு இரிக்கி. நீங்க கேக்கிறது எதப் பத்தி எண்டு அறியத் தந்தா நன்றியுடையவர்களா இரிப்பம்."

ஸலாஹுதீனுக்கு முகம் செத்துப்போனது. போடியாருக்கோ சந்தோசம் தாங்கவில்லை.

"மாஷா அல்லாஹ்! மரியாத தெரிஞ்ச மனிசர். மத்த ரெண்டும் வேணாம். இதுதான் நம்மட ஹோட்டல்!"

"அப்ப டிக்கட்டப் போடுவமா போடியார்?"

"பொறுங்க தம்பி. வாசலுக்கு எத்தின படி? முழங்கால் வருத்தக்காரர் ஏறி இறங்கணுமே. அறைக் கதவு எவ்வளவு அகலம்? கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவில எத்தின அடி? இருட்டில தட்டித் தடவிப் போற ஆக்களுக்கு அது முக்கியம்."

நியாயமான கேள்விகள்தான். போடியார் நல்ல கனத்த ஆள். அவர் மனைவி ஹாஜறா அதற்கும் ஒருபடி மேல் என்று ஊர் சொல்லும். ஆனால் இன்னொரு கடிதம் எழுதி இன்னும் மூன்று கிழமை காத்திருக்க ஸலாஹுதீனுக்கு நெஞ்சுரம் இல்லை. தபால் கந்தோருக்குப் போய் சிங்கப்பூருக்கு ட்ரங்க் கோல் பதிந்தான். காலை எட்டு மணிக்குப் பதிந்த கோல் பதினொன்றரைக்குக் கிடைத்தது. அதற்குள் மணியோடர் மாற்ற வந்தவர்கள், முத்திரை வாங்க வந்தவர்கள், சும்மா நிழலுக்கு ஒதுங்கினவர்கள் என்று முப்பது பேர் கூடிவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரன் எப்படிக் கதைப்பான் என்று கேட்காமல் ஒருத்தரும் நகர்வதாயில்லை.

மாஸ்டர் டெலிபோன் குழாயைப் பிடித்துக்கொண்டு இங்கிலீசில் கத்தினார். ஸலாஹுதீன் கேள்விகளை அவர் காதில் ஊதினான்.

"கதவு எவ்வளவு அகலம் எண்டு கேளுங்க மாஸ்டர்!"

மாஸ்டர் கேட்டுவிட்டுக் குழாயை மூடினார். "அவன் கேக்கான், விருந்தாளி எவ்வளவு மொத்தமாம்?"

பின்னால் நின்ற ஒருவர் உதவிக்கு வந்தார். "மீராமுகைதீன் போடியார்தானே? ரெண்டு மூட நெல்லு இரிப்பார்."

"பொண்டாட்டியையும் சேருங்க காக்கா! நாலர மூட!" என்றார் இன்னொருவர்.

மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். நாலரை மூட்டை நெல்லைக் கிலோவாக்கி, அப்படியே சிங்கப்பூருக்குச் சொல்லிவிட்டார்.

அதன் விளைவு கிழமை இரண்டில் ஒரு தடித்த உறையில் வந்தது. தங்கள் விருந்தாளியின் உடல்நிலையை முன்னிட்டு மூன்றாம் மாடியில் விசேட அறை ஒன்றை ஒதுக்குவதாகவும், கட்டிலுக்கு இரும்புக்கால் போடுவதாகவும், அவர் எங்கும் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அறையின் முழு வரைபடத்தையும் அடி இஞ்சிக் கணக்கோடு இணைத்திருப்பதாகவும் ஹோட்டல் மனேஜர் எழுதியிருந்தார். எந்தத் தேதியில் வருகிறார் என்றும் கேட்டிருந்தார்.

"இரும்புக்கால் கட்டில்!" என்று ஸலாஹுதீன் தலையில் கை வைத்தான். "போடியாருக்குத் தெரிஞ்சா என்ட தோல உரிச்சிடுவார்."

போடியார் கடிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரைபடத்தை இரண்டு கையாலும் வாங்கி, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தேதி கேக்காங்க போடியார்."

"வரும் தம்பி, தேதி வரும். ஜன்னல் எந்த மட்டத்தில இரிக்கி? வெளியால நிக்கிறவனுக்கு உள்ள இரிக்கிற பொம்புள தெரியக்கூடாதே. முகடு எவ்வளவு உயரம்?"

"முகடு என்னத்துக்கு?"

"முகடு பதிஞ்சா மூச்சு முட்டும்."

இப்படியே வைகாசி போனது, ஆனி வந்தது. மாஸ்டரின் இங்கிலீசு நாளுக்கு நாள் மெருகேறியது. போடியாரின் கேள்விகளும் ஓய்ந்தபாடில்லை. தரை என்ன நிறம், கறுப்புத் தரையைக் கண்டால் பொம்பிளைகளுக்குத் தலை சுற்றுமே. குளிக்கிற தொட்டி எத்தனை அடி, அழுக்குத் தண்ணி எங்கால் போகிறது. லைட் சுவிச்சு கட்டிலில் படுத்தபடியே எட்டுமா. ஒவ்வொரு கேள்வியும் கடைசிக் கேள்வி என்றுதான் ஸலாஹுதீன் நினைத்தான். ஹோட்டல் மனேஜரும் அப்படித்தான் நினைத்திருப்பார், பாவம்.

வேடிக்கை என்னவென்றால், போடியாரின் தொற்று ஸலாஹுதீனுக்கும் பிடித்துவிட்டது. போடியார் கேட்க மறந்ததையும் இவன் கேட்டு எழுதத் தொடங்கினான். திரைச்சீலை எதில் தொங்குகிறது? கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா? ஒருநாள் கூடத்துத் தரையில் வெண்கட்டியால் அந்த அறையை அளவுக்கு அளவு கீறி, ஸகியாவைக் கூப்பிட்டான்.

"இஞ்ச வா கா. இதுதான் கட்டில். இதால நட. கவனம், சுவர்ல முட்டுற! இதுதான் குளிக்கிற அறை."

ஸகியா கோட்டைத் தாண்டி நின்று சுற்றிலும் பார்த்தாள். "இதுக்குள்ள நம்மட குசினி ரெண்டு வைக்கலாமே!"

"ரெண்டரை" என்றான் ஸலாஹுதீன் பெருமையாக, தானே கட்டினதுபோல.

"ஹாஜறா மாமி குடுத்து வச்சவ" என்று பெருமூச்சு விட்டாள் ஸகியா.

அந்த நேரம் பார்த்து மாமனார் வியர்த்து விறுவிறுத்து வந்தார். தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"கடையில மூச்சுவிட நேரமில்ல. முந்தநாள் வந்த சீமெந்து நேத்து முடிஞ்சி. கம்பி கேட்டு ஆள் வந்து நிக்கிது. இவர் இஞ்ச பாண்டி விளையாடுறார்! வெள்ளிக்கிழம பிறை. ஞாபகமிரிக்கா மருமகன்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள டிக்கட் போகும் மாமா. இன்ஷா அல்லாஹ்."

வியாழக்கிழமை போடியாரிடமிருந்து ஆள் வந்தது. எல்லாம் திருப்தியாம், நாளைக்கு ஜும்மா முடிய சம்மாந்துறைக்கு வரட்டாம். ஸலாஹுதீனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அன்றே படிவத்தில் போடியார் பெயரையும் ஹாஜறா பெயரையும் மாஸ்டரின் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்ப வைத்தான். தேதியைத் தானே துணிந்து போட்டு, ஹோட்டலுக்கும் தந்தியடித்துவிட்டான். போடியாரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்த கையோடு சைக்கிளில் ஏறினான். வயல் வெளியில் எதிர்காற்று. படிவம் பறந்துவிடாமல் பல்லால் கடித்துக்கொண்டு மிதித்தான். போடியார் வீட்டில் கதவுக்குப் பின்னால் இருந்து ஹாஜறாவின் குரல் வந்தது.

"அவர் மற்ற வளவில நிக்கார் மகன். அங்க போங்க."

"மாமி, நீங்க பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தாச்சா?"

"என்ன போட்டுக்கு?"

"பாஸ்போட்டு மாமி. சிங்கப்பூர் போறதுக்கு."

"எனக்கென்னத்துக்கு மகன் சிங்கப்பூர்? கல்முனைக்கு பஸ்ஸில ஏறினாலே எனக்கு வயித்தப் புரட்டிச் சத்தி வரும்."

ஸலாஹுதீனுக்குத் திக்கென்றது. அப்போ மனிசன் தனியாகவா போகிறார்? கட்டிலுக்கு இரும்புக்கால் வேண்டாம் என்று ஹோட்டலுக்குத் திரும்ப எழுத வேண்டுமே! இருக்கட்டும். ஒரு டிக்கட் என்றாலும் டிக்கட்தான். சைக்கிளை மற்ற வளவுக்குத் திருப்பி, ஆளுயரத்துக்கு அடைத்திருந்த கிடுகு வேலிக்கு வெளியே நின்று, மூச்சிரைக்கக் கூப்பிட்டான்.

"போடியார்! ஸலாஹுதீன் வந்திரிக்கன்!"

படலையைத் திறந்துகொண்டு, முழங்கை வரைக்கும் சீமெந்து அப்பின கையோடு, ஒரு மேசன் எட்டிப் பார்த்தார். அவர் காதில் பென்சில் செருகியிருந்தது. ஸலாஹுதீனின் பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அட, வாங்க வாங்க இஞ்சினியர்! ஒங்கட சிங்கப்பூர்ப் பிளான்படி போடியார்ட மூத்த மகள்ட சீதன வீடு முகட்டு மட்டத்துக்கு வந்திட்டுது. ரெண்டாவது மகளுக்கு பேங்கொக் ஹோட்டல்தான் வேணுமெண்டு மாப்புள வீட்டார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்களாம், அதுக்குக் கக்கூசு எந்தப் பக்கம் எண்டு எப்ப எழுதிக் கேக்கப் போறீங்க?"