சின்னவள் எடுத்த பிரதியும் நான் தேடும் சாஃப்ட்வேரும்

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லோரும் நலம், என் மனசு ஒன்றைத் தவிர. தினமும் பிரார்த்தனையில் உன்னையும் உன் மனைவியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

விஷயம் நடந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: சாய்வு நாற்காலியில் என் மாமியார், பத்திரிகைக்குப் பின்னால் உன் அத்தான், டிவி பக்கத்தில் அவர் தம்பி, அவருக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு டிவிடி உறையோடு அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி சின்னவள், சமையலறை வாசலில் கரண்டியோடு நான். நாளைக்கு யாரும் பேச்சை மாற்றக்கூடாதே என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

மாமியாரின் எண்பதாவது பிறந்தநாள் விருந்தைப் பிடித்த டிவிடி ஒன்றே ஒன்று, அது என் பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருப்பது உனக்குத் தெரியும். அதில்தானே அவர் மைக்கைப் பிடித்து, "இந்த வீடு இன்னிக்கு நிமிர்ந்து நிக்குதுன்னா அது பெரியவளாலதான்" என்றார்! நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி விழுந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அன்றைக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கி முகம் கழுவப் போய்விட்டேன். சின்னவள் வாசலில் விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டிருந்ததால் அவள் காதில் விழவேயில்லை, அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. மனசு பாரமாகும்போதெல்லாம் போட்டு, அந்த வார்த்தை வரைக்கும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுவேன். போட்டுப் போட்டுக் கீறல் விழுந்து, இப்போது மாமியார் "பெரிய... பெரிய..." என்று திக்குகிறார். பிரதி எடுக்கவேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே சின்னவள், "குடுங்கக்கா, எங்ககிட்ட சாஃப்ட்வேர் இருக்கு" என்றாள். ஏதோ மாடி வீடு இருக்கு என்பது மாதிரி!

எடுத்துக்கொண்டு வந்தாள். உறையில் மாமியார் படம், சுற்றிலும் பூ. அதைத் தடவித் தடவிப் பார்த்து, "சின்னவ கை பட்டா எதுவுமே அழகுதான்" என்கிறார். தினமும் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது நான், அந்தக் கண்ணாடி வழியாகத்தான் இந்த அழகையும் பார்த்தார்! சரி, போட்டார்கள். பலூன் வந்தது, கேக் வந்தது, சின்னவள் புதுப் புடவையில் நாலு பக்கமும் நடந்தாள். மாமியார் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார். படம் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றேன். கொழுந்தன், "அண்ணி, உங்க டிவிடி ரெண்டு அடுக்கு, கடையில வாங்கின வெறும் டிவிடி ஒரு அடுக்கு, பாதிதான் கொள்ளும். கொள்ளாததைக் கடைசியில சாஃப்ட்வேரே விட்டுடும்" என்றார். பலூன் கொண்டது, புதுப் புடவை கொண்டது, என்னைப் பற்றிய ஒரு வரிதான் கொள்ளவில்லையாம். சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும் பாவம், பட்டனை அமுக்கிய கைக்குத் தெரியாதா? சின்னவளோ, "போகட்டும்க்கா, அத்தை பேசினதுதானே" என்கிறாள். பேசினதுதானே!

அன்றே உன் அத்தானின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மளிகைக்குப் போடுவது போல் கோடு கிழித்து, எது என்ன செய்கிறது என்று எழுதினேன். இலவசமாகக் கிடைத்த முதல் சாஃப்ட்வேர், ஆரம்பத்தில் வரும் தலைப்புப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலுள்ள பாட்டையே திரும்பத் திரும்பப் பாடியது. இரண்டாவது எல்லாவற்றையும் ஒரே அடுக்குக்குள் அமுக்கியதில் மாமியார் வெறும் சதுரம் சதுரமாகத் தெரிந்தார். மூன்றாவது நன்றாகத்தான் எடுத்தது, ஆனால் காசு கட்டாததால் மாமியார் நெற்றியில் 'சோதனைப் பிரதி' என்று எழுதிவிட்டது. "என் மூஞ்சியில என்னடி எழுதி வெச்சிருக்கே?" என்று அவர் ஒரே சத்தம். "வார்த்தைதான் முக்கியம் அத்தை. இல்லேன்னா இன்னொரு தடவை சொல்லிடுங்களேன், போன்ல எடுத்துக்கறேன்" என்றேன். "ஒரு தடவை சொன்னது போதாதா?" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

சின்னவளின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை தம்பி. கொஞ்சம் நிதானமாக ஓடட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாயிற்றே. ஒரு வார்த்தை விடாமல், உள்ளது உள்ளபடி முழுசாக எடுக்கிற சாஃப்ட்வேர் எது? சின்னவள் வீட்டில் இல்லாததாக இருந்தால் விசேஷம்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ ஆண்டவன் துணையிருக்கட்டும். உன் அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அதாவது, தலையை ஆட்டினார்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் என் டிவிடியை மெல்லிய துணியால் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். திக்காமல் ஓடியது. என் வார்த்தை வந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது, நிறுத்த முடியவில்லை. உள்ளே நின்று கேட்கிறேன், மாமியார் மேலே பேசுகிறார்: "வீடு நிக்கிறது பெரியவளால. ஆனா நான் சிரிக்கிறேன்னா அது சின்னவளாலதான். அவ வராத அன்னிக்கு எனக்குப் பொழுதே போகாது." ஓடிவந்து நிறுத்தினேன். சாய்வு நாற்காலியிலிருந்து, "அப்புறமும் பேசினேன்டி, நீதான் எப்பவும் நிறுத்திடறே" என்றார். சிரிக்கவைக்க எனக்கு எங்கே தம்பி நேரம் இருந்தது?

ஆகையால் மேலே கேட்டதை மறந்துவிடு. முழுசாக எடுப்பது வேண்டாம். நான் சொல்லும் இடத்தில் டக்கென்று நிற்கிற சாஃப்ட்வேர் வேண்டும். "அடுத்த தடவை வரும்போது உங்க டிவிடியைக் கடைசி வரைக்கும் பாக்கணும்க்கா" என்று சின்னவள் சொல்லியிருக்கிறாள். கடிதம் கண்டதும் பதில் போடு.