பன்னிரண்டேகால் விமானம்

விமானத்தில் கால் வைக்காமலே விமானத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நீங்கள் தேடவே வேண்டாம். ஜெராக்ஸ் கடை பச்சையப்பன் அவராகவே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம். கொழும்பு? ஒன்றரை மணி. நீங்கள் ஆதார் கார்டை நீட்டியபடி நிற்க, அவர் மெஷின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்று அடித்தால் எத்தனை நிமிஷம் கூடும், பின்னாலிருந்து தள்ளினால் எத்தனை குறையும், கடல் மேல் வேகம் என்ன என்று சொல்லிக்கொண்டே போவார். உங்கள் பஸ்ஸும் போய்விடும். இத்தனைக்கும் அவர் போன அதிகபட்ச தூரம் ரேணிகுண்டா. பொதட்டூர்பேட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். "அது வந்தாத்தான் தெரியும்" என்பார்.

சிரிக்காதீர்கள். கே.ஜி.கண்டிகை மார்த்தாள் இவரை நம்பினாள்.

அவள் மகள் ஆனி சிங்கப்பூரில் நர்ஸ். மூன்று வருஷம் கழித்து வருகிறாள். வெளியே வரும் மகள் கண்ணில் முதலில் படுவது தன் முகமாக இருக்க வேண்டும் என்று மார்த்தாளுக்கு ஆசை. மகள் அனுப்பிய டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வந்தாள். காலை எட்டு மணிக்குப் புறப்பாடு, ஒன்பதே முக்காலுக்குச் சென்னை என்று அதில் இருந்தது.

"இன்னாம்மா இது? ஒன்னே முக்கா மணில வர்றதுக்கு, சிங்கப்பூர் இன்னா அரக்கோணத்துக்கு அந்தாண்டையா கீது? தப்பா அடிச்சுட்டானுங்க. எட்டும் நாலேகாலும் பன்னெண்டேகால்!"

பேனாவை எடுத்து ஒன்பதே முக்காலை அடித்தார். பக்கத்தில் 12.15 என்று எழுதிக் கீழே கோடும் போட்டார். நகல் எடுக்க நின்றிருந்த நானும் தலையாட்டினேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மார்த்தாள் பதினொன்றரைக்கே விமான நிலைய வாசலில் போய் நின்றுவிட்டாள். வெளியே வந்த முகம் ஒவ்வொன்றையும் பார்த்தாள். இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ஆனி கூப்பிட்டாள்.

"எம்மா, அந்த ஊர் சிம் இங்க எடுக்கல. பதினோரு மணி வரைக்கும் உன்னப் பாத்துகினு இருந்துட்டு டாக்ஸி புடிச்சு வந்துட்டேன். வூட்டப் பூட்டிகினு எங்க போன?"

மார்த்தாள் இதைச் சொன்னபோது பச்சையப்பனை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டியவன் நானும்தானே?

திரும்பிப் போகும் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்கத் தாயும் மகளும் பச்சையப்பன் கடைக்கே வர வேண்டியதாயிற்று. அடுத்த கடை அன்று சாத்தியிருந்தது.

"சிங்கப்பூர் கடியாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடும் மாமா. அந்தந்த ஊரு நேரத்தத்தான் டிக்கெட்டுல போடுவாங்க" என்றாள் ஆனி.

பச்சையப்பன் அசரவில்லை. "அப்ப நாலேகால் மணின்னு நான் சொன்னது சரிதானே? தப்பு அவங்க கடியாரத்துல கீது. போனதும் சரி பண்ணிக்கச் சொல்லு. குடு, போற டைமும் பாத்துடலாம்."

கடை மேஜையிலிருந்த பேனாவை மார்த்தாள் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பிரிண்ட்டு மட்டும் போதுங்ணா. போம்போது பேனாவ தந்துட்டுப் போறேன்."

வாசகரே, நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் அந்தத் தாய் வாசலில் நின்றதைப் படித்த பிறகும், எட்டோடு நாலேகாலைக் கூட்டி, இரண்டரையைக் கழித்து, கணக்கு சரிதானா என்று விரல் விட்டுப் பார்த்தீர்களே, அது யார்?