இமயத்தில் அகப்பட்ட மேனேஜர்

பாரத தேசத்தில் ஞானிகளுக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை. ஆயினும் மறைமலை நகருக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவே, லாரிக்கு வாஷர் அடிக்கும் ஒரு கம்பெனியில் ஞானி தோன்றியது 1991-இல்தான். அவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் கோதண்டராமன்.

அந்தக் கோடையில் இமயமலைப் பக்கம் போனவர், தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொண்டு திரும்பினார். அந்தக் 'கண்டுபிடிப்பு' பயண நூலாகவும் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பனி பெய்தது. பனி பெய்யாத பக்கங்களில் அவருடைய போட்டோ இருந்தது. பர்சனல் ஆபீஸ் குமாஸ்தாவான நான் அதை மெய்சிலிர்க்கப் படித்தேன். வேறு வழியில்லை, அச்சுப்பிழை பார்த்தவனே நான்தான்.

ஆகஸ்டில் கேன்டீனில் நூல் ஆய்வுக் கூட்டம். டீ இடைவேளை அன்று மட்டும் 'ஆன்ம இடைவேளை' எனச் சுற்றறிக்கை போனது. டீ கிடையாது.

"பற்றை விடணும். டீயிலிருந்தே தொடங்கலாம்" என்றார் மேனேஜர்.

தொழிலாளர் சார்பில் பேச பிரஸ் ஷாப் யாக்கோபுவை அழைத்தோம். நூலை முழுக்கப் படித்திருந்த தொழிலாளி அவர் ஒருவர்தான். மேனேஜர் ஊரில் இல்லாதபோது, தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல்கள் போய், வீட்டில் படுத்திருந்தவருக்கு அவகாசம் நிறைய இருந்தது.

யாக்கோபு இடது கையில் புத்தகத்தோடு எழுந்தார்.

"கங்கோத்திரி பக்கம் நல்லா கீது சார். ஆபீஸ், கையெழுத்து எல்லாத்தையும் உதறிட்டேன், இந்தக் கை என்னுடையதல்லன்னு உணர்ந்தேன்னு எழுதிகீறீங்க."

"அதுதான் நூலோட உயிர்" என்றார் மேனேஜர்.

"பிரஸ்ஸுல கை உள்ள பூடாம தடுக்கிற கம்பி வலை வாங்கணும்னு கேட்டோம். உங்க கையெழுத்து வோணும்னுட்டாங்க. நீங்க அங்க உணர்ந்துகினு இருந்தீங்க. அந்த வாரந்தான் சார் எனக்கும் தெரிஞ்சுது, இந்தக் கை என்னுது இல்லேன்னு. நான் டிக்கெட்டு எடுத்து எங்கியும் போவல."

சூபர்வைசர் தணிகாசலம் காலி டம்ளருக்குள் எதையோ தேடினார்.

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையிலிருந்து இறங்கி வந்து யாக்கோபுவைக் கட்டிக்கொண்டார்.

"இமயத்துக்கே போகாம இவருக்கு ஞானம் வந்திருக்கு பாருங்க. ரெண்டாம் பதிப்புல சேர்க்கணும், குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டேன்.

"அந்த வலை இன்னா ஆச்சு சார்?" என்றார் யாக்கோபு, அவர் பிடியில் இருந்தபடியே.

"அதுவும் ஒரு பற்றுதான் யாக்கோபு."

கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். யாக்கோபு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. யாக்கோபுவின் படமும் உண்டு, கை தெரியாதபடி வெட்டப்பட்டது. அவரை இப்போது கேட்டில் உட்கார வைத்திருக்கிறோம். மேனேஜர் பத்ரிநாத்தில் இருக்கிறார். பிரஸ்ஸில் சுபாஷ் என்று புதுப் பையன் நிற்கிறான். வலை இன்னும் வரவில்லை. எங்கள் நிர்வாகத்தின் கருணையால் அவனுக்கும் எந்த நிமிஷமும் ஞானம் கிடைக்கலாம்.