பதினெட்டுப் பேருக்கு ஒரே நம்பர்

அடுத்தவர் கையில் போனைக் கண்டால் தன் கை தானாக நீளுகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. "இப்படிக் குடுங்க" என்று கூவும். வீட்டிலும் அலுவலகத்திலும் வங்கி வரிசையிலும் காணலாம். பார்வைக்குச் சாது. இந்த இனத்தைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள். தெரியும், அவ்வளவுதான்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். தையல் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர் கிளார்க். நூல், பட்டன், ஜிப் எல்லாம் அவருடைய ஜன்னல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். உடைந்த ஊசியின் துண்டுகளை ஒன்றுவிடாமல் கொண்டுவந்து காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். அவ்வளவு கறார். ஆனால் அதே ஜன்னலில் ஒரு போனை நீட்டிப் பாருங்கள், மனிதர் உருகிவிடுவார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார், இதுல எங்க அழுத்தணும்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

"இப்படிக் குடுங்க."

எங்கே அழுத்த வேண்டும் என்று அவர் யாருக்கும் சொன்னதே இல்லை. சொன்னால் கற்றுக்கொண்டுவிடுவார்களே! போனை வாங்கி, சட்டையில் ஒரு துடை துடைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைத் தன் பக்கமாகத் திருப்பி, போனுக்கு உரியவள் எட்டிப் பார்த்தால் தோளை உயர்த்தி மறைத்துக்கொண்டு, படபடவென்று ஏழெட்டு இடத்தில் தட்டி, "ஆச்சு" என்று திருப்பிக் கொடுப்பார். என்ன ஆச்சு? சில சமயம் அது அவருக்கே தெரியாது.

டீ நேரத்தில் பிரசங்கமும் உண்டு. "போன் வந்ததுக்கப்புறம் யாரும் யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்ல. பேங்க் உங்க கையில, ஆபீஸ் உங்க கையில!" என்று முழங்குவார். அவர் முழங்கும்போதே ஜன்னலில் நாலு பேர் போனை வைத்துக்கொண்டு அவருக்காக நின்றுகொண்டிருப்பார்கள்.

படிவத்தில் 'கைபேசி எண்' என்ற கட்டம் வந்தால் அவர் விரல் ஒரு கணமும் தயங்காது. தன் எண்ணையே போட்டுவிடும்.

"என் நம்பரையே போடுங்க சார்."

"உங்க போன்ல சார்ஜே நிக்காதும்மா. ஓடிபி வந்தா எங்க வந்துச்சுன்னு தேடுவீங்க. என்னோடதே இருக்கட்டும்."

இப்படியாகப் பதினெட்டுப் பேருடைய வங்கியும் காப்பீடும் ஆஸ்பத்திரி டோக்கனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒரே சட்டைப் பையில் குடியேறின. பெண்கள் அவருக்கு 'ஓடிபி சார்' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வந்தால் எந்த மனிதன் படிப்பான்? அவர் ஆறு இலக்க எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருந்தால் கத்துவார், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். எண் இல்லாத மெசேஜை அவர் மெசேஜாகவே மதிப்பதில்லை.

அப்படி மதிக்காமல் விட்டதில் ஒன்று காஜா அக்காவுக்கு வந்தது. சட்டைக்குப் பட்டன் துளை போடுகிற காஜா மெஷினில் பதினாறு வருஷம் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டவர் அவர். தையல் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு மனுப் போட்டிருந்தார். இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது, அடுத்த வருஷம் கிடையாது. மனுவை நிரப்பியது யார் என்று சொல்ல வேண்டுமா?

'நேர்காணலுக்கு வருவதை வியாழன் மதியம் இரண்டு மணிக்குள் உறுதி செய்யவும்' என்ற செய்தி திங்கட்கிழமை வந்தது. போனில் இடம் இல்லை என்று பழைய மெசேஜ்களை அழித்துக்கொண்டிருந்த ஓடிபி சார் அதை வியாழன் மதியம் ஒன்று பத்துக்குப் பார்த்தார். ஸ்டோரைப் பூட்டக்கூட மறந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். அந்த ஓட்டத்துக்காகவாவது அவரை மன்னிக்கலாம்.

"காஜாம்மா! இன்டர்வியூ! போனை இப்படிக் குடுங்க!"

அக்கா சோற்றுக் கையோடு விழித்தார். இடக்கையில் அவருடைய போன், வலக்கையில் தன்னுடையது என்று சார் களத்தில் இறங்கினார். டிங். ஆறு இலக்கம். தட்டினார். தவறு. மறுபடி டிங். தட்டினார். அதுவும் தவறு. சாப்பாட்டு நேரத்தில்தானே எல்லோரும் போனை எடுப்பார்கள்? முதலில் வந்தது அயர்ன் மாஸ்டரின் ஆஸ்பத்திரி டோக்கனுக்கு, இரண்டாவது பேக்கிங்கில் இருக்கும் பெண்ணின் மகள் பள்ளிச் சேர்க்கைக்கு. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு யாருடையது எது என்று எப்படித் தெரியும்? மூன்றாவதையும் அடித்தார். 'மூன்று முறை தவறு. இன்று மீண்டும் முயல முடியாது' என்றது திரை.

மணி ஒன்று இருபத்தைந்து.

அக்கா கையைக் கழுவினார். வந்து தன் போனை வாங்கிக்கொண்டார். திரையின் அடியில் இருந்த உதவி எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"குடுங்கம்மா, நான் பேசறேன். இவங்ககிட்ட எல்லாம் பேசற விதமா பேசணும்."

"நீங்க பேசின வரைக்கும் போதும் சார்."

காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பதினைந்து நிமிஷம் பாடிய பிறகு ஒரு பெண் குரல் விண்ணப்ப எண்ணைக் கேட்டது. பன்னிரண்டு இலக்கத்தையும் அக்கா மனப்பாடமாகச் சொன்னார். சார் அதை டைரியில் எழுதி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஊசி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"பதிவான நம்பர் உங்களோடதா மேடம்?"

"இல்லம்மா."

"உங்க வீட்டுக்காரரோடதா?"

கூடமே சிரிப்பில் குலுங்கியது. அயர்ன் மாஸ்டருக்குப் புரையேறியது. ஓடிபி சாரின் காது சிவந்தது.

"எங்க ஸ்டோர் சாரோடதும்மா. நல்லவருதான். ஆனா நம்பர் என்னோடதா இருக்கட்டும்."

நல்லவருதான், ஆனா! திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பிறந்த தேதி, முகவரி, அப்பா பெயர் எல்லாம் கேட்டு முடித்து, அக்காவின் போனுக்கே ஓடிபி வந்தது. அவர் அதை முழுசாகப் படித்துவிட்டு ஒவ்வோர் எண்ணாக அடித்தார். சாரின் விரல்கள் காற்றில் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு 'உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சாரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. அதற்குள் மற்ற பதினேழு பேரும் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நம்பரை மாற்றவும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். "கடைசியா ஒண்ணே ஒண்ணு சார்" என்பார்கள். அவர் எண்ணைச் சொல்லுவார், அவர்களே தட்டிக்கொள்வார்கள். பதினேழு முறை இப்படி வழியனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை போன் ஒரு தடவைகூட டிங் என்று ஒலிக்கவில்லை. ரிப்பேரோ என்று அணைத்துப் போட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறருக்கு ஒத்தாசை செய்ததாக நினைத்திருந்தார். அவர்கள் தன்னைத் தேடி வருவதற்குத்தான் இத்தனையும் செய்திருக்கிறோம் என்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்தால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம்ம ஆபீசிலும் இப்படி ஒருத்தர் உண்டு என்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் அம்மாவின் பேங்க்கிலிருந்து வருகிற மெசேஜ் யாருடைய போனுக்கு வருகிறது என்று பாருங்கள்.

நான் இன்று காலை பார்த்தேன். அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.